ஆறு குண்டுத் துப்பாக்கியில் பதினேழாவது குண்டு

“மட்டமான சண்டைப் படங்களை ரசிப்பதாகச் சொல்கிறவர்கள் அவற்றை ரசிப்பதில்லை, கேலிதான் செய்கிறார்கள். நல்ல படத்துக்கு உட்காரப் பொறுமை இல்லாததற்கு இது ஒரு சாக்கு. இல்லை என்று யாராவது சொல்ல முடியுமா?” (வாசகர் ஒருவர், ஜூன் 3)

ஜூன் 3, இரவு

நான் சொல்கிறேன். இல்லை.

நேற்றிரவு பதினொன்றரை மணிக்கு, வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு, சத்தத்தைக் குறைத்து வைத்து ஒரு நிஞ்சா படம் பார்த்தேன். நிஞ்சா என்றால் அந்தக் கால ஜப்பானிய ஒற்றன். இருட்டில் பதுங்கி வரவேண்டிய ஆள் பட்டப்பகலில், பூங்காப் புல்வெளியில், செக்கச்செவேலென்று உடுத்திக்கொண்டு வருகிறான். நெற்றிப்பட்டையில் ‘நிஞ்சா’ என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறது. எதிரில் வருகிறவனுக்கும் அதே பட்டை. யார் என்ன தொழில் என்று யாருக்கும் சந்தேகம் வரக்கூடாது பாருங்கள்.

பக்கத்தில் யாரும் இல்லை. தனியாக உட்கார்ந்து யாரிடம் கேலி செய்வது? நடுவில் மனைவி தண்ணீர் குடிக்க எழுந்து வந்தாள். சட்டென்று செய்திச் சேனலுக்கு மாற்றினேன். நள்ளிரவில் ஒருவன் அப்படிப் பதறி மாற்றினால் என்ன படம் பார்த்திருப்பான் என்று அவள் நினைத்திருப்பாள் என்பது இன்று காலைதான் உறைத்தது. உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் பார்க்கிறேன். அதுதான் கூடுதல் அவமானம் என்று தோன்றுகிறது.

ஜூன் 4

கேலியே இல்லை என்றது கொஞ்சம் அதிகப்படி. சிரித்தேன். ஆனால் அந்தப் படம் எடுக்கப்பட்ட விதம் தெரிந்தால் சிரிப்பு வேறு மாதிரி வரும்.

ஹாங்காங்கில் காட்ஃப்ரே ஹோ என்று ஓர் இயக்குநர். ஷா சகோதரர்கள் ஸ்டூடியோவில் சாங் சே என்ற பெரிய இயக்குநரிடம் உதவியாளராக இருந்தவர், அதனால் தொழில் தெரியாதவர் என்று சொல்ல முடியாது. எண்பதுகளில் ஜோசஃப் லாய் என்ற தயாரிப்பாளரோடு சேர்ந்து இவர் செய்தது இதுதான்: தாய்லாந்து, பிலிப்பைன்ஸ், தைவான், கொரியா என்று எங்கெங்கோ எடுத்து விலைபோகாமல் கிடந்த படங்களைச் சல்லிசாக வாங்குவது. வெள்ளைக்கார நடிகர்கள் சிலரை வைத்து நிஞ்சா காட்சிகளைத் தனியாக எடுப்பது. இரண்டையும் வெட்டி ஒட்டி ஆங்கிலத்தில் குரல் கொடுத்து, புதுப்படம் என்று வெளிநாட்டுக்கு விற்றுவிடுவது. ஒரு நடிகரை வைத்துச் சில நாள் எடுத்த காட்சிகளைப் பல படங்களுக்குப் பிரித்துப் பரிமாறியிருக்கிறார்.

சரி, ஒரு படத்து ஆளும் இன்னொரு படத்து ஆளும் எப்படிச் சந்திப்பார்கள்? சந்திக்கவே மாட்டார்கள். போனில் பேசுவார்கள். இந்தப் பக்கம் ஹாங்காங் அறையில் ஒருவர் போனை எடுத்து “அவனை முடித்துவிடு” என்பார், அந்தப் பக்கம் வேறு நாட்டில், வேறு வருடத்தில், வேறு கதையில் இருக்கிற ஒருவர் தலையாட்டுவார். போன்தான் பசை. ஒரு படத்தில் நாயகன் உயிர்போகிற ரகசியம் பேசுகிற போன், ஆரஞ்சு நிறத்தில் கார்ஃபீல்டு பூனை பொம்மை வடிவில் இருக்கும். எடுத்தால் பூனையைத் தூக்கிக் காதில் வைத்துக்கொண்டு பேசுவார், முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல்.

அந்தச் சுருக்கமில்லாத முகத்துக்காகத்தான் பார்க்கிறேன். இதைவிட நன்றாக எனக்குச் சொல்ல வரவில்லை.

ஜூன் 4, மறுபடி

என் சித்தப்பா ஆத்தூர்ப் பக்கம் ஒரு டூரிங் டாக்கீஸில் ஆபரேட்டராக இருந்தார். ஒரே புரொஜெக்டர். ஒரு ரீல் முடிந்தால் விளக்கைப் போட்டு, அடுத்த ரீலை மாட்டி, மறுபடி ஓட்டவேண்டும். அதனால் எங்கள் ஊரில் எந்தப் படத்துக்கும் ஒரே இடைவேளை கிடையாது. மணலைக் குவித்து உட்காருவதற்கும், பின்னால் இருப்பவன் அதைத் தட்டிவிடுவதற்கும், முறுக்கு வாங்குவதற்கும் தாராளமாக நேரம் இருக்கும்.

ஒருநாள் தமிழில் பேசும் நிஞ்சா படம் வந்திருந்தது. சித்தப்பா அன்றைக்குக் கொஞ்சம் ‘தெம்பாக’ இருந்தார். ஐந்தாவது ரீலை மூன்றாவதாக மாட்டிவிட்டார். செத்தவன் திரும்பி வந்து தன் தம்பியின் சாவுக்குப் பழிவாங்கினான், அப்புறம் தம்பி வந்தான். தரை டிக்கெட்டில் ஒரு முணுமுணுப்பு இல்லை. படம் விட்டதும் ஒருவர் சித்தப்பாவிடம் வந்து, “கதையை நல்லாச் சுத்தி எடுத்திருக்கான்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

காட்ஃப்ரே ஹோவின் படங்களைப் பற்றி வளர்ந்தபிறகு படித்தபோது, அட, இந்த மனிதர் செய்ததைத்தானே சித்தப்பா ஆத்தூரில் செலவே இல்லாமல் செய்தார் என்று தோன்றியது.

ஜூன் 6

ஏன் நிஞ்சா என்று ஒருவர் கேட்டிருந்தார். கராத்தே வீரன் இருக்கிறான், சாமுராய் இருக்கிறான், குறிப்பாக நிஞ்சா எதற்கு?

முகமூடி. வேறு ஒன்றுமில்லை. முகம் மூடியிருந்தால் நாயகனுக்குச் சண்டை தெரியவேண்டிய அவசியமில்லை, டூப் போட்டுவிடலாம். அடியாட்கள் ஐந்து பேர் போதும். செத்து விழுந்தவனே எழுந்து, கேமராவுக்குப் பின்னால் சுற்றிவந்து, மறுபடி சாகலாம். எங்கள் ஊர்ப் படங்களில் இந்த வசதி கிடையாது. கிணற்றில் விழுந்து செத்த மொட்டைத்தலை அடியாள் அடுத்த சண்டையில் சட்டையை மட்டும் மாற்றிக்கொண்டு வருவார். நாங்கள் விசிலடித்து வரவேற்போம்.

நிஞ்சா காய்ச்சலை அமெரிக்காவில் பெரிதாக்கியது கேனன் என்ற படத் தயாரிப்பு நிறுவனம். மெனாகெம் கோலன், யோரம் குளோபஸ் என்று இஸ்ரேலைச் சேர்ந்த ஒன்றுவிட்ட சகோதரர்கள் 1979இல் 5 லட்சம் டாலருக்கு வாங்கிய கம்பெனி அது. கதை எழுதுமுன் போஸ்டர் அடிப்பார்கள். கான் திரைப்பட விழாச் சந்தையில் அந்தப் போஸ்டரைக் காட்டி நாடு நாடாக உரிமையை விற்பார்கள். அந்தப் பணத்தில் படம் எடுப்பார்கள். பூஜை போட்ட அன்றைக்கே ஏரியா விற்றுப் படமெடுத்த நம் கோடம்பாக்கத்துக்கு இது ஒன்றும் புதிதில்லை, சந்தைதான் பெரிது.

1981இல் பிலிப்பைன்ஸில் இவர்கள் எடுத்த முதல் நிஞ்சா படத்தின் நாயகன் ஃப்ராங்கோ நீரோ. இத்தாலிக்காரர். இத்தாலிய கௌபாய் படங்களில் சவப்பெட்டியை இழுத்துக்கொண்டு வந்து உலகப் புகழ்பெற்றவர். அவரை வெள்ளை உடை நிஞ்சாவாக்கினார்கள். வெள்ளை! இருட்டில் தெரியவேண்டுமே. மனிதர் சண்டையெல்லாம் நன்றாகவே போட்டிருக்கிறார்.

காட்ஃப்ரே ஹோவிடம் மாட்டிக்கொண்ட ரிச்சர்ட் ஹாரிசனும் இத்தாலிய கௌபாய்தான். பிறப்பால் அமெரிக்கர், பிழைப்பு இத்தாலியில். செர்ஜியோ லியோனியின் 1964 கௌபாய் படத்தில் நடிக்க இவரைக் கேட்டார்கள், இவர் மறுத்து கிளின்ட் ஈஸ்ட்வுட்டைச் சொல்லிவிட்டார். சினிமாவுக்குத் தான் செய்த மிகப்பெரிய தொண்டு அந்தப் படத்தில் நடிக்காததுதான் என்று பிற்பாடு அவரே வேடிக்கையாகச் சொல்லியிருக்கிறார். தான் நடித்ததே தெரியாத பல நிஞ்சா படங்களில் தன் முகம் வந்ததில் அவருக்கு ஏகப்பட்ட மனவருத்தம். பூனை போனில் பேசியவர் இவர்தான்.

ஜூன் 6, பத்து நிமிடம் கழித்து

திருத்தம். ஃப்ராங்கோ நீரோ நன்றாகச் சண்டை போட்டார் என்றேன். போட்டது மைக் ஸ்டோன் என்ற கராத்தே வீரர். கதையோடு வந்தவரே அவர்தான், நாயகனாகவும் நடிக்க இருந்தவர். கடைசியில் நீரோவுக்கு டூப் போட்டார். முகமூடியின் மகிமை பற்றி ஒரு பத்தி எழுதிவிட்டு நானே அந்த முகமூடியில் ஏமாந்திருக்கிறேன்.

ஜூன் 7

கௌபாய் என்றதும் ஜெய்சங்கரை விட்டுவிட்டுப் போகமுடியுமா என்று இரண்டு பேர் சண்டைக்கு வந்துவிட்டார்கள். போகமுடியாது.

1965இல் அறிமுகமாகி, வெள்ளிக்கிழமை தவறினாலும் அவர் படம் தவறாது என்று பேர் வாங்கி, ‘வெள்ளிக்கிழமை ஹீரோ’ ஆனவர். பெரிய நடிகர்களின் கால்ஷீட் கிடைக்காத சின்னத் தயாரிப்பாளர்களுக்கு அவர்தான் கதி. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் அவரைத் துப்பறிவாளனாக்கியது. எழுபதுகளில் ஒளிப்பதிவாளர் கர்ணன் இயக்குநராகி, அவரைக் குதிரையில் ஏற்றித் தொப்பி போட்டுவிட்டார். தமிழ்நாட்டில் மேற்கத்திய பாலைவனத்துக்கு எங்கே போவது? பாறைக்காடு இருக்கிறது. ஓரத்தில் பனைமரம் தெரிந்தால் தெரியட்டும்.

நானும் அக்காவும் குண்டு எண்ணுவோம். ஆறு குண்டு போடும் ரிவால்வரில் ஒரு படத்தில் ஒரே மூச்சில் பதினேழு முறை சுட்டார். பதினேழாவது குண்டில்தான் வில்லன் தொப்பி பறந்தது. அந்த எண்ணிக்கை இன்றும் நினைவிருக்கிறது. பத்தாம் வகுப்பில் படித்த எதுவும் நினைவில்லை.

ஆனால் கர்ணன் படங்களைப் பூனை போன் வரிசையில் வைக்கக்கூடாது. கேமரா குதிரையின் காலடியில் கிடக்கும், மண் லென்ஸில் தெறிக்கும். அந்த ஆளுக்குப் படம் பிடிக்கத் தெரியும். துட்டுதான் இல்லை. சின்னப் பட்ஜெட் வேறு, மட்டம் வேறு. இதை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும், நானும் குழப்பிக்கொண்டுதான் இருந்தேன்.

பிலிம் சுருள் காலத்தில் 400 அடி ரோல் ஓடுவது ஏறக்குறைய நான்கரை நிமிடம். ஒவ்வொரு அடியும் காசு. விக் நழுவினால், கத்தி வளைந்தால், பின்னணியில் டவுன்பஸ் போனால், போகட்டும், அடுத்த ஷாட். நாம் சிரிக்கிற தவறுகளில் பாதி யாருக்கும் தெரியாமல் நடந்ததில்லை. பார்த்தார்கள், விலை விசாரித்தார்கள், விட்டுவிட்டார்கள்.

ஜூன் 9

வேண்டுமென்றே மட்டமாக எடுக்கிறார்களே, சூறாவளிக்குள் சுறாமீன் பறக்கிற மாதிரி, அதெல்லாம் பிடிக்குமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

பிடிக்காது. இருபது நிமிடம் பார்த்தேன். நான் சிரிக்குமுன் படமே சிரித்துவிடுகிறது. ஜோக் சொல்லிவிட்டு நம் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிற மாமா மாதிரி.

ஜூன் 10

மனைவியிடம் சொல்லிவிட்டேன். “அந்தப் பூனை போன் படமா? சத்தம் கேட்டுச்சு, தெரியும்” என்றாள். ஒரு வாரமாக அவள் வேறு ஏதோ நினைத்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டு நானாகத்தான் தலைகுனிந்து திரிந்திருக்கிறேன்.

ஜூன் 13

இதை எழுதுவதா வேண்டாமா என்று மூன்று நாளாக யோசித்தேன்.

வேலை கிடைத்த புதிதில் கோடம்பாக்கத்தில் ஒரு மாடிப்போர்ஷனில் இருந்தேன். கீழ்வீட்டில் ஒரு ஸ்டண்ட் நடிகர், ஐம்பதை நெருங்கியவர். அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். அவர் முழங்கை முழுவதும் நீட்ட வராது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டிவியில் ஏதோ ஒரு பழைய சண்டைப் படம் ஓடிக்கொண்டிருந்தது. சாமான் வாங்கிவந்தவர் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். நான் வழக்கம்போல் ஒவ்வொரு உதைக்கும் சிரித்துக்கொண்டிருந்தேன். உதை படுமுன்னே ஆள் பறக்கிறான், வாயைத் திறக்குமுன்னே ‘டிஷ்யூம்’ வருகிறது.

அவர் கோபப்படவில்லை, சிரிக்கவும் இல்லை. விழுகிறவர்களைப் பார்த்துப் பேர் சொல்லிக்கொண்டே வந்தார். “இவன் எங்க தெரு.” “இவன் துபாய் போயிட்டான்.” “இவன் இல்ல இப்ப.” ஒரு ஆள் மாடியிலிருந்து அட்டைப்பெட்டிகளின் மேல் விழுந்தான். பெட்டி ஃபிரேமுக்குள்ளேயே தெரிந்தது. நான் பெரிதாகச் சிரித்தேன்.

“அது நான்தான் தம்பி” என்றார். “அந்தப் பெட்டி ரெண்டு அடுக்குதான் இருந்துச்சு. நாலு அடுக்கு வேணும். வண்டி வரல, வெளிச்சம் போகுதுன்னாங்க, குதிச்சிட்டேன்.” கொஞ்ச நேரம் கழித்து, “இந்தப் படத்துல நாலு தடவை செத்தேன். மூணு சாவுக்குத்தான் காசு வந்துச்சு” என்றார்.

நான் சேனலை மாற்றப்போனேன். “வைங்க வைங்க, இன்னொண்ணு இருக்கு” என்றார். கடைசிச் சண்டையில் கண்ணாடி உடைத்துக்கொண்டு வருகிறவர் அவர்தானாம். அந்த ஷாட்டை முன்னால் சாய்ந்து, ரொம்பக் கவனமாகப் பார்த்தார். “நல்லா வந்திருக்கு” என்று சொல்லிவிட்டு, வெங்காயப் பையை எடுத்துக்கொண்டு கீழே போனார்.

நல்லாத்தான் வந்திருந்தது. அதுவரை நான் அந்த ஷாட்டைப் பார்த்ததே இல்லை, சிரிப்பில்.

ஜூன் 14

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு, “அப்போ சிரிப்பது பாவமா?” என்று கேட்கிறீர்கள். பாவம் என்று எங்கே சொன்னேன்? எனக்கு உறுத்தியது என்று சொன்னேன். அந்த உறுத்தலோடுதான் பார்க்கிறேன், நிறுத்தவில்லை.

இதற்கு மாற்றாக ஒரு கதை இருக்கிறது. உகாண்டாவின் தலைநகர் கம்பாலாவில் வகாலிகா என்ற ஏழைக் குடியிருப்பு. அங்கே நப்வானா என்பவர் செங்கல் அறுத்துப் பிழைத்தவர். சின்ன வயதில் படம் பார்க்கப் போனதில்லை, அண்ணன் பார்த்துவிட்டு வந்து சொல்கிற கதையைக் கேட்டே வளர்ந்தவர். பழைய உதிரிபாகங்களைச் சேர்த்துத் தானே கம்ப்யூட்டர் அமைத்து, 2010இல் ஓர் அதிரடிப் படம் எடுத்தார். மொத்தச் செலவு 200 டாலருக்குள் என்பார்கள். இரும்புக்கடைக் கழிவில் வெல்டிங் வைத்த துப்பாக்கிகள், ஆணுறைக்குள் சிவப்புச் சாயம் ஊற்றிக் கட்டிய ரத்தம், கம்பாலாவையே எரிக்கிற கணினி ஹெலிகாப்டர். படம் முடிந்ததும் நடித்தவர்களே டிவிடியைத் தெருத்தெருவாகக் கொண்டுபோய் விற்பார்கள். திருட்டுப் பிரதி வருமுன் விற்றாகவேண்டும். அதன் முன்னோட்டம் யூடியூபில் உலகம் சுற்றியது.

அங்கே ‘வீடியோ ஜோக்கர்’ என்று ஒரு தொழில். வீடியோ கொட்டகைகளில் வெளிநாட்டுப் படம் ஓடும்போது ஒருவர் மைக்கில் மொழிபெயர்ப்பார், நடுநடுவே நக்கலடிப்பார், நாயகனை உசுப்பேற்றுவார். அந்தப் படத்துக்கும் அப்படி ஒரு குரல் உண்டு. படத்தின் அசல் கோப்பு இன்று இல்லை, அந்தக் குரலோடு கூடிய பிரதிதான் மிஞ்சியிருக்கிறது. ஆக, கேலியைப் பிரித்தெடுத்துவிட்டுப் படத்தை மட்டும் பார்க்க வழியே கிடையாது. ஆனால் கேலி செய்கிறவன் அதே தெருக்காரன். துப்பாக்கி வெல்டிங் வைத்தவனைத் தெரிந்தவன்.

வாசற்படியில் வெங்காயப் பையோடு உட்கார்ந்திருந்தவர் கொஞ்சம் அந்த மாதிரிதான் செய்தார் என்று இப்போது நினைக்கிறேன். என் சிரிப்பில் இல்லாதது அந்தப் பேர்கள்.

ஜூன் 15

மேலே கடைசி வரி கொஞ்சம் மேடைப்பேச்சாகிவிட்டது. மன்னிக்கவும். ஞாயிற்றுக்கிழமை எழுதினால் இப்படித்தான்.

குரல் ஒட்டாமல் இருப்பதுதான் எல்லாவற்றையும் விடச் சிரிப்பு என்று ஒருவர் சொன்னதற்கு: அந்தக் காலத்து ஹாங்காங் படங்களில் ஹாங்காங் மொழியும் ஒட்டாது. பெரும்பாலும் படப்பிடிப்பில் ஒலியே எடுக்கமாட்டார்கள், எந்த மொழியானாலும் பிற்பாடு சேர்த்ததுதான். தமிழில் டப் செய்தவர்களின் பாடு இன்னும் மேல். வாய் அசைந்துகொண்டே இருக்கும், வசனம் தீர்ந்துபோயிருக்கும். அதனால்தான் ஒவ்வொரு வில்லனும் “இந்தா பாரு, நான் சொல்றத நல்லாக் கேட்டுக்க, ஆமா” என்று ஒரு வாக்கியத்தை மூன்றாக இழுக்கிறான். இது எழுதத் தெரியாததால் வந்ததில்லை. உதட்டை எண்ணி எழுதியது.

ஜூன் 20

அக்காவிடம் போனில் இதையெல்லாம் படித்துக்காட்டினேன். பெரிய தப்பு.

“ரீல் மாத்தி ஓட்டினது நிஞ்சா படமாடா? நிஞ்சா வந்தப்ப கொட்டகையே மூடியாச்சு. அது நீ வீடியோ கோச் பஸ்ல பார்த்தது, சென்னைக்கு இன்டர்வியூ போறப்ப. ரீல் மாறினது ஜெய்சங்கர் படம்.”

நான் விடவில்லை. அப்படியானால் செத்தவன் திரும்பி வந்தது? “அது அந்த ஜெய்சங்கர் படந்தான். ஒரு ஆளு வந்து கதை நல்லாச் சுத்தியிருக்குன்னு சொன்னதும் நிஜம். அது யாரோ இல்ல, நம்ம அப்பா. சித்தப்பாவுக்கு வேலை போயிடக்கூடாதுன்னு எல்லார் முன்னாடியும் சத்தமாச் சொன்னார்.”

அப்புறம் பதினேழு குண்டு? “பதினாலு. நீ எதிரொலியையும் சேர்த்து எண்ணுவே.”

ஆக, ஜூன் 4 குறிப்பை இப்படித் திருத்திப் படிக்கவும்: நிஞ்சாவை எடுத்துவிட்டு ஜெய்சங்கரைப் போடுங்கள், “ஒருவர்” என்ற இடத்தில் அப்பாவைப் போடுங்கள். நடுவில் பஸ் வரும், கண்டுகொள்ள வேண்டாம். இரண்டு படத்தை வெட்டி ஒட்டி இத்தனை வருடமாக ஒரே படம் என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஜூன் 20, இரவு

அக்கா மறுபடி கூப்பிட்டாள். அந்தப் பூனை போன் படத்தை எங்கே பார்க்கலாம் என்று கேட்டாள். இங்கே நான், அங்கே அவள், இருவரும் ஒரே நேரத்தில் ஓட்டிவிட்டு போனை ஸ்பீக்கரில் போட்டிருக்கிறோம். அவள் பக்கம் பத்து விநாடி முந்தி ஓடுகிறது. எனக்கு இங்கே போன் அடிக்குமுன்பே அங்கே சிரிக்கிறாள்.